பெனடிக்ட்டின் இடது கை

ஜூலை 14, திங்கள்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்த டைரியை யாரும் எடுத்துப் படிக்கப் போவதில்லை. படித்தாலும் என் கையெழுத்து எனக்கே புரியாது. அதனால் தைரியமாகச் சொல்கிறேன். தேன்சாரல் மெல்லிசைக் குழுவில் பதினோரு வருஷமாக நான் பேஸ் கிடார் கலைஞன். நோட்டீஸில் போட்டோவோடு பேர் வரும். இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் பேஸ் கிடார் வாசித்ததில்லை.

பாட்டுக்கு அடியில் தும், தும் என்று வயிற்றில் கேட்குமே, அதுதான் பேஸ். அதை எங்கள் கீபோர்டு பெனடிக்ட் இடது கையாலேயே வாசித்துவிடுவான். ஆனால் மேடையின் ஒரு பக்கம் காலியாகக் கிடந்தால் விசேஷ வீட்டுக்காரர்களுக்கு மனசு ஆறாது. நீளமாக ஒரு கிடார் நின்றால்தான் வீடியோவில் எடுப்பாக இருக்கும். குழு முதலாளியும் பாடகருமான மகுடபதி அண்ணன் என்னைப் பார்த்தார். நல்ல உயரம், சிரித்த முகம். நத்தம் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தவன் கழுத்தில் கிடாரை மாட்டிவிட்டார். என் ஒயர் ஜமுக்காளத்துக்கு அடியில் போகும். போய் அங்கேயே படுத்துக்கொள்ளும்.

இன்று காலை அண்ணன் கடைக்கு வந்தார். வண்டியை ஸ்டாண்டு போடக்கூட இல்லை.

“இன்னாசி, கை போச்சுடா.”

“யாருக்குண்ணே?”

“பெனடிக்ட்டுக்கு. நேத்து மேம்பால எறக்கத்துல ஒரு ஆட்டுக்கு ஒதுங்கி விழுந்துட்டான். மணிக்கட்டு முறிஞ்சு மாவுக்கட்டு. ஆறு வாரம்.”

“ஐயையோ. எந்தக் கைண்ணே?”

“உன் கை.”

ஜூலை 15

கிடாரில் நாலு கம்பிகள். நான் ஐந்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. கல்யாணம் காட்சி கிடையாது, எங்களுக்கும் வேலை கிடையாது. நடுவில் 31ஆம் தேதி ஒரு தலைமை ஆசிரியருக்குப் பணி நிறைவு விழா மட்டும். அதற்குள் நான் வாசிக்கப் பழக வேண்டும் என்பது அண்ணனின் உத்தரவு. வெளியில் இருந்து ஆள் கூப்பிடலாமே என்றேன். “கூப்பிட்டா மேடையில ரெண்டு பேஸ் நிக்குமா? நீ எறங்கிக்கிறியா?” என்றார். நான் இறங்கவில்லை. ரெண்டு பஸ்ஸுக்குக் காற்றடித்தேன்.

சாயங்காலம் பெனடிக்ட் வந்தான். நாற்பது வயது, சாது. கழுத்தில் தூளி கட்டிக் கையைத் தொங்கவிட்டிருந்தான், கைக்குழந்தை மாதிரி. அவனுடைய கீபோர்டு கட்டைகளில் சாக்பீஸால் நம்பர் எழுதினோம். என் கிடாரின் கழுத்தில் அதே நம்பருக்கு நேராக, டியூப் ஒட்டுகிற ரப்பர் துண்டுகளை வெட்டி ஒட்டினேன். அவன் வலது கை எந்த நம்பரில் இருக்கிறதோ, அதே நம்பரில் நான் அமுக்கிச் சுண்ட வேண்டும். அவ்வளவுதான் சங்கீதம்.

“இவ்வளவு சுலபமா தம்பி?”

“இல்லண்ணே” என்றான். ஒரே வார்த்தைதான். அவன் எப்போதும் அப்படித்தான்.

ஜூலை 20, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போய் வந்து, வீட்டில் அரைக் கிலோ கோழி வாங்கிக் கொடுத்துவிட்டு, கிடாரை எடுத்தேன். ஸ்பீக்கர் பாக்ஸ் அண்ணன் வீட்டில் இருக்கிறது. பாக்ஸ் இல்லாமல் இந்தக் கிடார் கொசு மாதிரிதான் கத்தும். கிடாரின் தலையை மர பீரோவோடு ஒட்டி வைத்தால் பீரோ முழுக்கப் பாடுகிறது என்று கண்டுபிடித்தேன். உள்ளே என் மனைவி பிலோமினாவின் சேலைகளும் பாடின.

“ஏங்க, பீரோவுல எலியா?”

“நாந்தேன்.”

அவள் வந்து என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். மூன்று விரலில் கொப்புளம்.

“பதினோரு வருசமா வாசிக்கிறீக. இப்பத்தேன் கொப்பளிக்குதா?”

“புதுக் கம்பிடி.”

“சரி” என்றாள். அந்தச் சரி கொஞ்சம் நீளம். தேங்காயெண்ணெய் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூலை 23, புதன்

எங்கள் டிரம்ஸ் காதர் மைதீன் பேகம்பூரில் தையல்காரன். எனக்கு ஒத்த வயது. வாயைத் திறந்தால் வசவு, மூடினால் வெற்றிலை. கடைக்குப் போனேன். பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தான்.

“வாங்க வித்வான். என்ன, பேஸு பழகுறியாமே?”

“பழகிட்டேன் மாப்ள. நம்பர் பூரா அத்துப்படி.”

“வாசி.”

வாசித்தேன். அவன் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டான்.

“நிறுத்து. என் காலு எங்க விழுது, உன் விரலு எங்க விழுது?”

“காலு மிஷின்ல. விரலு கம்பியில.”

“செருப்பு பிஞ்சிரும். அந்தப் பெரிய டிரம்மை நான் காலால ஒதைக்கிறேன்ல? அப்பப் பாத்து உன் விரலு விழுகணும். ரெண்டும் ஒத்தச் சத்தமாக் கேக்கணும். முன்னாடி விழுந்தா நீ அவசரக்காரன், பின்னாடி விழுந்தா குடிகாரன்.”

“ஒண்ணா விழுந்தா?”

“அதுக்கு முதல்ல விழு, அப்புறம் சொல்றேன்.”

மத்தியானம் வரை அவன் மிதிக்க மிதிக்க நான் சுண்டினேன். பாவாடை ஓரம் மூன்று இடத்தில் கோணிவிட்டது. அதற்கும் நான்தான் காரணமாம்.

ஜூலை 26

மழை இல்லை. ஒரு டிராக்டர் டியூப். விரல் எரிகிறது.

ஜூலை 31, வியாழன்

பணி நிறைவு விழா. மாலை நாலு மணிக்கு ஆரம்பித்தோம். முதல் தடவையாக என் ஒயர் பாக்ஸில் சேர்ந்தது. சுவிட்சைப் போட்டதும் பாக்ஸ் உறுமியது. நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். ஆனால் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பதினோரு வருஷப் பயிற்சி உண்டு.

முதல் மூன்று பாட்டு நன்றாகவே போனது. பெனடிக்ட் விரல் ஐந்தில், நான் ஐந்தில். அவன் எட்டில், நான் எட்டில். சங்கீதத்தில் எனக்கு இனி ஒன்றும் பாக்கியில்லை என்று தோன்றியது.

அண்ணனுக்கு ஜலதோஷம். நாலாவது பாட்டுக்கு முன்னால் திரும்பி, விரலைக் கீழே காட்டி, “அரைக் கட்டை எறக்கு” என்றார். பெனடிக்ட் கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினான். அந்தப் பொத்தானை அமுக்கினால் கீபோர்டு மொத்தமும் தானாகச் சுருதி இறங்கிவிடுமாம். விரல்கள் பழைய இடத்திலேயே வாசிக்கலாம். இது எனக்குத் தெரியாது. அவன் விரல் ஐந்தில் இருந்தது. நானும் ஐந்தில் அமுக்கினேன்.

என் கிடாரில் பொத்தான் கிடையாது.

சத்தம் எப்படி இருந்தது என்று எழுத முடியாது. மாட்டு வண்டி அச்சு முறிவதைப் பாட்டோடு சேர்த்துக் கேட்டால் ஓரளவு பிடிபடும். நான் தப்பு செய்யவில்லை என்பதில் எனக்கு உறுதி. நம்பர் சரியாக இருந்ததே. அதனால் இன்னும் பலமாக வாசித்தேன். முன்வரிசையில் தலைமை ஆசிரியர் துண்டால் கண்ணைத் துடைத்தார். பிரிவுத் துயரம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் பாடிக்கொண்டே பின்பக்கமாக நடந்து வந்து, செருப்புக் காலால் என் ஒயரைப் பிடுங்கிவிட்டார். மீதி நிகழ்ச்சி வழக்கம் போல நடந்தது.

ஆகஸ்ட் 1

அண்ணன் கடைக்கு வந்தார். இன்று வண்டியை ஸ்டாண்டு போட்டார். அதுதான் பயமாக இருந்தது.

“இன்னாசி, உன்னைய நான் கொறை சொல்லல.”

“சொல்லுங்கண்ணே.”

“மதுரையில தருண்னு ஒருத்தன். அஞ்சு கம்பி பேஸு. ஆவணி முகூர்த்தம் பூரா அவனையே போட்டுரலாம்னு பாக்குறேன்.”

“அப்ப நானு?”

“நீ கீழ உக்காந்து கேளு. பாட்டு கேக்க உனக்குப் பிடிக்கும்ல?”

சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆவணியில் முதல் நிகழ்ச்சி 24ஆம் தேதி, வேடசந்தூரில் ஒரு காதணி விழா, பகலில். அதில் மட்டும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டேன். கேட்கும்போது கையில் இருந்த ஸ்பேனரை ரெண்டு தடவை துடைத்தேன். கிரீஸ் வழுக்கும். “சரி, ஒண்ணு” என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காதர் தையல் கடையை மூடிவிட்டு, அண்ணனிடம் வாங்கி வந்த பாக்ஸோடு பெனடிக்ட்டையும் என்னையும் உள்ளே வைத்துக்கொண்டான். முதல் வேலையாக ஈரத் துணியை எடுத்து கீபோர்டு மேல் எழுதிய நம்பரையெல்லாம் அழித்தான்.

“டே, நான் கஷ்டப்பட்டு…”

“நேத்து அவன் வீட்டையே ஒரு படி எறக்கிட்டான். நீ பழைய வாசல்ல நின்னு கதவத் தட்டிக்கிட்டு இருந்த. சுவத்தப் பாத்து உக்காரு.”

நேற்றில்லை, மூன்று நாளாயிற்று என்றேன். உட்கார் என்றான்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பின்னால் பெனடிக்ட் வலது கையால் வாசித்துக்கொண்டே எப்போது வேண்டுமானாலும் அந்தப் பொத்தானை அமுக்குவான். நான் காதாலேயே கண்டுபிடித்துப் போய்ச் சேர வேண்டும். ஒரு மணி நேரம் அச்சு முறிந்துகொண்டே இருந்தது.

அப்புறம் கடை ஞாபகம் வந்தது. டியூப்பைத் தண்ணீரில் முக்காமலே காதோரம் வைத்து ஓட்டையைக் கண்டுபிடிப்பேன். சுர்ரென்று ஒரு மூச்சு வரும், கை அந்தப் பக்கம் போகும். இங்கேயும் தப்பான இடத்தில் அமுக்கினால் கிடாரின் முதுகு என் வயிற்றில் கிர்ரென்று உறுமியது. ஒரு கட்டை தள்ளினால் உறுமல் குறைந்தது. இன்னும் ஒன்று தள்ளினேன். சத்தத்தையே காணோம். நான் வாசிக்கிறேன், ஆனால் என் சத்தம் தனியாகக் கேட்கவில்லை. பாட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

“பாக்ஸு ஆஃப் ஆயிருச்சா மாப்ள?”

காதர் பெனடிக்ட்டைப் பார்த்தான். “வாசிடா, வாயை மூடிக்கிட்டு” என்றான். அவன் இவ்வளவு மரியாதையாக என்னிடம் பேசியது இதுதான் முதல் முறை.

ஆகஸ்ட் 6

இடம் பிடிபட்ட சந்தோஷத்தில் இன்று கொஞ்சம் கூடுதலாக வாசித்துவிட்டேன். மேலே ஏறி, கீழே இறங்கி, நடுவில் ஒரு சுற்று. காதருக்குப் பொறுக்கவில்லை.

“பொத்தான் தைக்கச் சொன்னா சட்டை பூராம் தைப்பியா? ரெண்டு போடு, சும்மா இரு. ரெண்டு போடு, சும்மா இரு.”

“சும்மா இருக்கிறப்ப என்ன செய்யிறது?”

“அதைத்தான பதினோரு வருசமா செஞ்ச?”

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அண்ணன் வீட்டு மாடியில் ஒத்திகை. தருண் வந்திருந்தான். தலையில் குடுமி, காதில் கடுக்கன், ஐந்து கம்பி. என்னைப் பார்த்ததும் எழுந்து, “வணக்கம் அங்கிள், நீங்க எத்தனை வருஷமா பேஸ் வாசிக்கிறீங்க?” என்றான். நல்ல பையன். “ஜூலையில இருந்து” என்றேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தான்.

சொல்லத்தான் வேண்டும், அவன் வித்தைக்காரன். கட்டை விரலால் கம்பியை அடிக்கிறான், சுண்டு விரலால் பிடுங்குகிறான். ஒரு பாட்டில் நான் ஒரு மாதம் வாசிக்கிற அளவு வாசித்தான். அண்ணன் பாடிக்கொண்டே நாலு தடவை திரும்பிப் பார்த்தார். ஐந்தாவது தடவை மைக்கைக் கீழே இறக்கி, “தம்பி, நான் பாடலாமா?” என்று கேட்டார். காதர் குச்சிகளைப் பைக்குள் போட்டுவிட்டு வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிட்டான்.

பையன் போனதும் அண்ணன் மைக் ஒயரைச் சுருட்டினார். “நெறைய விசயம் தெரிஞ்சவன்” என்றார். ஏதோ வியாதியைச் சொல்வது போல இருந்தது. ஆனாலும் 24ஆம் தேதி நான் சொதப்பினால் அவன்தான். அதில் மாற்றமில்லை.

ஆகஸ்ட் 12

பெனடிக்ட் கடைக்கு வந்தான். டீ சொன்னேன். தூளியில் இருந்த கையை வெளியே எடுத்து, டம்ளரை அந்தக் கையாலேயே வாங்கி, ரெண்டு மடக்குக் குடித்தான். என்னைப் பார்த்ததும் வலது கைக்கு மாற்றிக்கொண்டான். டம்ளர் சுட்டிருக்கும்.

“மாவுக்கட்டு எப்ப பிரிக்கிறாங்க தம்பி?”

“இன்னும் இருக்குண்ணே. டாக்டர் அவசரப்படாதன்னு சொல்லிட்டார்.”

“டாக்டர் சொன்னா கேக்கணும்.”

“ஆமாண்ணே.” டம்ளரைக் கீழே வைத்தான். “இந்தக் கைக்கு இருபது வருசமா லீவே இல்லண்ணே.”

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. பூசையில் பெனடிக்ட் குடும்பம் எனக்கு மூன்று வரிசை முன்னால். அவன் சின்ன மகளை இடது கையில் தூக்கி வைத்துக்கொண்டு முழுப் பிரசங்கமும் கேட்டான். சாமியார் இன்று நீளமாகப் பேசினார். பிள்ளை ஒல்லி, கனம் இருக்காது.

பிலோமினா என் விலாவில் இடித்தாள். “பாத்தீகளா?”

“பூசையில வேடிக்கை பாக்காத” என்றேன். மற்றவர் கையைப் பற்றி எனக்கு என்ன?

ஆகஸ்ட் 19

பிலோமினா ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தாள். கொப்புளம் ஆறி விரல் நுனி காய்த்துவிட்டது என்று பெருமையாகக் காட்டினேன். தொட்டுப் பார்த்தாள்.

“இப்பத்தேன் வாசிக்கிற ஆளு விரலு மாதிரி இருக்கு.”

“அப்ப இத்தனை நாளு?”

“முதல் வருசம், கோயில் திடல்ல கச்சேரி. கம்மல் திருகாணி விழுந்திருச்சுன்னு மேடை ஓரத்துல ஜமுக்காளத்தத் தூக்கிப் பாத்தேன். உங்க ஒயரு படுத்திருந்துச்சு.”

காட்டிய விரலை மடக்கிக்கொண்டேன்.

“ஏன்டி இத்தனை வருசமா கேக்கல?”

“கேட்டா எறங்கிருவீக.” எலுமிச்சை விதையை விரலால் தள்ளினாள். “நீங்க கண்ணை மூடிக்கிட்டு தலைய ஆட்டுறப்ப பாக்க நல்லாத்தேன் இருந்துச்சு.”

திருகாணி கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்ததாம்.

ஆகஸ்ட் 22

முன்டயர் ரெண்டு, பின்டயர் ஒன்று. அண்ணன் போன் செய்து, ஞாயிறு காலை ஏழு மணிக்கு வேன், கறுப்புச் சட்டை என்றார். தூக்கம் நன்றாக வருகிறது. ரெண்டு ராத்திரியாக வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வேடசந்தூர். இரட்டைப் பிள்ளைகளுக்குக் காது குத்து. மண்டபம் கொள்ளாத கூட்டம். பதினோரு மணிக்கு ஆரம்பித்தோம். ஒயரை நானே சொருகினேன். யாரும் மிதிக்காத பக்கமாகப் போட்டுக்கொண்டேன்.

முதல் நாலு பாட்டில் ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் ஒரு தடவை அரைக் கட்டை இறக்கச் சொன்னார், ஒரு தடவை ஏற்றச் சொன்னார். நானும் இறங்கினேன், ஏறினேன். வயிற்றில் உறுமல் இல்லை. காதரின் காலும் என் விரலும் எங்கே பிரிகின்றன என்று எனக்கே தெரியவில்லை.

ஐந்தாவது பாட்டு. பல்லவி முடிந்து, இசை முடிந்து, அண்ணன் ரெண்டாவது சரணம் எடுக்க வேண்டும். சரணம் என்றால் அவர் நீளமாக மூச்சு இழுப்பார், தோள் ரெண்டும் ஏறும். பல்லவி என்றால் சின்ன மூச்சு, தோள் அசையாது. பதினோரு வருஷம் அவருக்கு ரெண்டடி பின்னால் வேலையில்லாமல் நின்றவன் வேறு எதைப் பார்ப்பது? இன்று தோள் அசையவில்லை. சரணத்தை மறந்துவிட்டார். நேராகப் பல்லவிக்குப் போகப் போகிறார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் என் விரல் பல்லவி இடத்தில் போய் நின்றுவிட்டது. ரெண்டு போட்டேன். காதர் கண்ணை உருட்டினான். ஆனால் கால் என்னோடு வந்துவிட்டது. பெனடிக்ட் சரணத்துக்கான இடத்தில் கையை வைத்துவிட்டுத் திகைத்தான். வலது கை வருவதற்குள் அவனுடைய இடது கை தூளியில் இருந்து வெளியே வந்து சரியான இடத்தில், ஐந்து விரலும் விரிய, கீபோர்டு மேல் விழுந்தது. உடனே எடுத்துக்கொண்டான். முறிந்த கை, தவறி விழுந்திருக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அண்ணன் பல்லவியைப் பாடினார். அது அப்படித்தான் என்பது போல எல்லாம் அவரோடு போனது. கூட்டத்தில் ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. பிள்ளைகள் பலூனுக்கு அழுதுகொண்டிருந்தன.

பந்தியில் விசேஷ வீட்டுக்காரர் வந்து அண்ணன் குரலைப் புகழ்ந்தார். ஒற்றைக் கையால் வாசித்த பெனடிக்ட்டைப் புகழ்ந்தார். காதருக்கும் கை கொடுத்தார். என்னிடம், “தம்பி, அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?” என்றார். தள்ளிக்கொண்டேன்.

“இன்னிக்கித் தொண்டை சும்மா கணீர்னு இருந்துச்சுல்ல?” என்றார் அண்ணன். சரணம் போனது அவருக்குத் தெரியவே தெரியாது.

“வெங்கல மணிண்ணே” என்றான் காதர். சொல்லிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், தன் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தான். அவன் அப்பளத்தை யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

கை கழுவும் இடத்தில் அண்ணன் போனில் பேசுவது கேட்டது. “தருண் தம்பி, இந்த மாசம் வேண்டாம்ப்பா. எங்க ஆளே பாத்துக்குறாரு. தேவைன்னா கூப்பிடுறேன்.”

எங்க ஆள். நான் மண்டபத்துக்குப் பின்னால் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். கொஞ்ச நேரம் கழுவினேன். சாம்பாரில் காரம் அதிகம்.

திரும்பி வந்தபோது வேன் போயிருந்தது.

டிரம்ஸ், கீபோர்டு, பாக்ஸ் எல்லாம் ஏற்றியிருந்தார்கள். கிடாரைத் துடைத்து உறையில் போட்டு ஏற்றியதாக மண்டபத்துக் காவல்காரர் சொன்னார். ஒயரைக்கூடச் சுருட்டி எடுத்துக்கொண்டார்களாம். மேடையில் ஏறுமுன் கழற்றி வேனில் வைத்த என் செருப்பும் அதோடு போய்விட்டது. மூன்றேகால் பஸ்ஸில் வெறுங்காலோடு வந்து சேர்ந்தேன். உட்கார இடம் கிடைத்தது, சக்கரத்துக்கு மேல்.